தீக்குச்சியின் ஆங்கிலப் பெயர்

கோவில்பட்டியை அடுத்த இளையரசனேந்தல் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் மண். மழை பொய்த்து வெள்ளாமை கைவிட்ட ஆண்டுகளில் இப்பகுதி மக்களுக்குக் கஞ்சி வார்த்தது தீப்பெட்டித் தொழில். நீண்ட வெயில் குச்சிகளை உலர்த்தத் துணை நின்றது. ‘தீப்பெட்டி ஆபீசு’ என்பது ஊர்வழக்கு. பெயர்ப்பலகையில் ‘மேட்ச் ஒர்க்சு’ என்றிருக்கும்.

சேலைக்கு ஏற்ற ரவிக்கையும் மேட்ச், மட்டைப்பந்தாட்டமும் மேட்ச், தீக்குச்சியும் மேட்ச். குச்சியும் பெட்டிப் பட்டையும் இணைந்தாலன்றித் தீ பிறவாது. ஆதலின் ‘இணை’ என்னும் பொருளே குச்சிக்குப் பெயராயிற்று என்று சொல்லத் தோன்றும். அழகிய விளக்கம், ஆயினும் பிழை.

இணையைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்தின் ‘யெமாச்சா’ வழி வந்தது. துணை, நிகரானவர் என்பன அதன் பொருள். நிகரானவர் இருவர் மோதுவதால் போட்டிக்கும் அப்பெயர் நின்றது. தீக்குச்சியின் பெயரோ பழைய பிரெஞ்சிலிருந்து புகுந்தது. அங்கே அது விளக்குத் திரி. அதன் மூலம் ‘மிக்சா’ என்னும் கிரேக்கச் சொல் என்பர். அச்சொல்லின் முதற்பொருள் மூக்குச்சளி! விளக்கின் மூக்கிலிருந்து திரி தொங்குவதைக் கண்டவர் குறும்பர்தாம்.

திரியென்ற பொருள் நெடுங்காலம் நிலைத்தது. வெடியுப்பில் ஊறி மெல்லக் கனலும் கயிற்றால் துப்பாக்கியைப் பற்றவைத்த காலத்தில் அக்கயிறும் மேட்ச் எனப்பட்டது. நம் பாளையக்காரர் படைகளிலும் அத்தகைய துப்பாக்கிகள் இருந்தன. கந்தகம் தோய்த்த சிராய்க்கும் பின்னர் அப்பெயர் சென்றது. ஆனால் அது தானே எரியாது, கங்கு வேண்டும். உரசினால் எரியும் குச்சியை இங்கிலாந்தின் சான் வாக்கர் 1827-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

அடுத்து வந்த குச்சிகளில் வெண்பாசுபரசு இருந்தது. எங்கே உரசினாலும் தீப்பற்றும்; செய்தவர்களின் தாடையெலும்பையோ அது அரித்தது. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் அதனை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் வந்தது.

தீர்வு முன்பே கிடைத்திருந்தது. சுவீடனின் குசுதாவ் பாசு 1844-இல் தீயின் கூறுகளைப் பிரித்து வைத்தார். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் கண்ணாடித் தூளும். பெட்டியின் பட்டையில் நஞ்சற்ற செம்பாசுபரசு. உரசும் வெப்பத்தில் செம்பாசுபரசின் துகளளவு வெண்பாசுபரசாகி நொடியில் பற்றும். அச்சூட்டில் குளோரேட்டு சிதைந்து உயிர்வளியை உமிழ, கந்தகம் எரியும். குச்சியில் ஊறிய மெழுகு சுடரை மரத்துக்குக் கொண்டுசெல்லும். நஞ்சை அதன் வேலை முடியும் கணத்தில் மட்டும் பிறப்பித்து அங்கேயே எரித்துவிடும் இவ்வமைப்பை வேதியியலின் நுண்திறன்களுள் ஒன்றென்பேன்.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழில் கற்றுத் திரும்பினர். குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல் எனக் கரிசல் ஊர்களில் கைவேலை பரவியது.

ஆங்கில அகரமுதலிகள் இணையையும் திரியையும் தனித்தனித் தலைச்சொற்களாகப் பதிக்கின்றன. தமிழில் ஆங்கில அகராதி தொகுப்போரும் அவ்வாறே பிரித்துப் பதித்தல் வேண்டும்.