டீ கலரில் ஒரு கோய் மீன்... கையிலேயே வந்து சாப்பிடும் சாகோய்!

கோய் மீன் என்றதும் வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள்தானே ஞாபகம் வரும்? அந்தக் கூட்டத்தில் எந்த டிசைனும் இல்லாமல், டீ நிறத்தில் ஒன்று நீந்தினால் முதலில் யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் சாகோய். ஜப்பானிய மொழியில் 'சா' என்றால் தேநீர். 19-ம் நூற்றாண்டில் நீகாட்டா மலைக் கிராம நெல் விவசாயிகள் வண்ணக் கெண்டைகளை வளர்க்கத் தொடங்கியதில் இருந்து வந்ததுதான் இன்றைய கோய் பரம்பரை.

எப்படி அடையாளம் காண்பது? தலை முதல் வால் வரை ஒரே நிறம். உலோகப் பளபளப்பு இருக்காது. தங்கம்போல மின்னினால் அது ஓகோன். சாம்பல் நிறம் என்றால் சோராகோய். மஞ்சள் என்றால் காராஷிகோய், அதாவது கடுகு கெண்டை!

ஒரே நிறம்தானே, தேர்ந்தெடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். குறையை மறைக்க இதில் டிசைனே கிடையாது. குளத்துக்கு மேலிருந்து பாருங்கள். முதுகில் செதில்கள் வலை பின்னியதுபோல வரிசையாக இருக்க வேண்டும். ஒரு செதில் பிசகினாலும் கண்ணை உறுத்தும்.

சரி, இதை ஏன் தேடி வாங்குகிறார்கள்? குணத்துக்காக! பழகிவிட்டால் கையில் இருக்கும் தீனியையே வந்து சாப்பிடும். அதைப் பார்த்து, பயந்து ஒதுங்கிய மீன்களும் பின்னாலேயே வரும். ஒன்று மட்டும் கவனம்... மளமளவென இரண்டு அடிக்கு மேல் வளரும். ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியெல்லாம் இதற்குப் பத்தாது, குளம்தான் வேண்டும்.