மீன் அறியும் வெப்பம்

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மத்தி இன்று சாதாரண மீன். 1980களுக்கு முன்பு அது ஏறக்குறைய முழுவதும் மலபார்க் கடலுக்கே உரியதாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது அங்கே ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே ஏறும், நுண்பாசி செழிக்கும், அதை மேய மத்தி கூட்டங்கூட்டமாக வரும். நம் பிரதேசத்தின் மாஹே அந்தக் கரையில்தான் இருக்கிறது. கடல் சூடேற ஏற, சோழமண்டலக் கரை வலைகளிலும் மத்தி விழத் தொடங்கியது. யார் வழி சொன்னார்கள் அதற்கு?

சில கடல்மீன்கள் 0.03 டிகிரி வெப்ப வேறுபாட்டைக்கூட உணரும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. நம் வீட்டுக் காய்ச்சல்மானியின் மிகச் சிறிய கோடே 0.1 டிகிரிதான். செதிலும் முள்ளுமான ஒரு சாண் உடம்புக்குள் படைத்தவன் இவ்வளவு நுட்பத்தை வைத்திருக்கிறான். கைகூப்பத் தோன்றுகிறது.

சங்கரா மீன் செய்தது இன்னும் வியப்பு. அது இடத்தை விடவில்லை, பருவத்தை மாற்றிக்கொண்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சென்னைக் கடலில் இதைக் கவனித்தது. 1980இல் சினைச் சங்கராக்களில் சுமார் 35 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் கிடைத்தன. 2004இல் அது 5 சதவீதம். மற்றவை எல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர்ந்த மாதங்களுக்கு நகர்ந்துவிட்டன.

மீன் உடம்பால் அறிவதை விஞ்ஞானிகள் கணக்கால் எட்டப் பார்க்கிறார்கள். மீன் பிடிபட்ட இடம், அங்கே இருந்த வெப்பம், உப்பு, ஆழம், பச்சையம் இவற்றைச் சேர்த்து, எந்த மீனுக்கு எந்த நீர் பிடிக்கிறது என்று கணினியில் மாதிரி செய்கிறார்கள். இன்னும் முப்பது ஆண்டில் அந்த நீர் எங்கே இருக்கும் என்பதே அடுத்த கேள்வி. பச்சையத்தை ஓஷன்சாட் செயற்கைக்கோள் விண்ணிலிருந்து பார்க்கிறது; ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டர் வரை இறங்கி வெப்பமும் உப்பும் அளந்து வருகின்றன. அருமையான உழைப்பு. ஆனாலும் மனிதன் அள்ளுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது பொய்த்துவிடும். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. கடலின் மாற்றத்தோடு குஞ்சுகளை வாரியதும் சேர்ந்துகொண்டது.

புதுச்சேரிக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது பல மீன்களைக் காக்கிறது, அது தொடரட்டும். ஆனால் குளிர் மாதங்களில் சினைப்படும் சங்கராவுக்கு அதில் காவல் குறைவு. மீன் தன் பருவத்தைத் திருத்திக்கொண்டுவிட்டது. நாமும் நம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.