எதிரணி மைதானத்துக்குப் போகும் மாணவர்: ஆபத்து, உரிமை, பரிகாரம்

மற்றக் கல்லூரியின் மைதானத்துக்குக் கூட்டமாகப் போய்த் தங்கள் அணிக்கு ஆரவாரம் செய்துவிட்டுத் திரும்புவது இலங்கை மாணவர்களின் நெடுநாள் வழக்கம். கொழும்பில் றோயல் – தோமியன் கிரிக்கெட் 1879இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904இலிருந்து வருகிறது. றோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் ஆடும் பிராட்பி கேடய ரக்பி, ஒரு சுற்று கொழும்பிலும் மறு சுற்று கண்டியிலுமாக நடக்கிறது. அதனால் ஒவ்வொரு பருவத்திலும் இரு பக்கத்து மாணவரும் ஒருமுறையாவது அந்நிய ஊரில் விருந்தாளியாகிறார்கள்.

கொழும்பின் மாளிகாவத்தை இந்தப் போக்குவரத்தின் நடுவில் இருக்கிறது. இங்குள்ள கெத்தாராமையில் 1986 பெப்ரவரி 2ஆம் திகதி திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு ஏறக்குறைய 35,000 பேரைக் கொள்ளும். உதைபந்தாட்டம் நடக்கும் பி. டி. சிறிசேன மைதானமும் இங்கேதான். அகில இலங்கைப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் சுகததாச அரங்கு கொட்டாஞ்சேனைப் பக்கமாகக் கிட்ட இருக்கிறது. ஸாஹிரா, ஆனந்தா கல்லூரிகள் பக்கத்து மருதானையில். வெளியூர் மாணவர் இங்கே வருகிறார்கள்; இங்குள்ள பிள்ளைகள் கண்டிக்கும் காலிக்கும், வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்கள்.

இப்படிப் போகிறவருக்கு வரக்கூடிய ஆபத்துகளில் பெரும்பாலானவை ஆட்டத்துக்கு வெளியே, வழியிலும் வாசலிலும் திரும்பும் நேரத்திலும் வருபவை. அவற்றைத் தடுக்கும் வழியும், நடந்துவிட்டால் கேட்கக்கூடிய நியாயமும் பலருக்குத் தெரிவதில்லை.

புறப்படும் முன்

முதலாவது கேள்வி, அந்தப் பயணம் யாருடைய பொறுப்பு என்பது. அதிபரின் அனுமதியோடு, ஆசிரியர் ஒருவர் கூடச் செல்லும் பயணத்தில் மாணவரைக் கவனிக்கும் கடமை பாடசாலைக்கு உண்டு. நண்பர்கள் காசு சேர்த்து வான் பிடித்துப் போனால், அசம்பாவிதம் நடந்தபின் பொறுப்பேற்க யாரும் இருக்கமாட்டார்கள். எந்த வாகனம், யார் கூடப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற விபரத்தைப் பெற்றோர் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. மாணவர்களுக்கான ‘சுரக்ஷா’ காப்புறுதி 2017இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் வந்தது. குறிப்பிட்ட பயணம் அதற்குள் அடங்குமா என்பதைப் பாடசாலை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆளடையாள அட்டையோ பாடசாலை அடையாள அட்டையோ சட்டைப்பையில் இருக்க வேண்டும். வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி தொலையும்போது மனப்பாடம் இல்லாத எண் உதவாது.

வீதியில்

பெருஞ்சமர்க் காலத்தில் கண்ணில் படும் காட்சி இது. பின்பக்கம் திறந்த லொறியில் முப்பது, நாற்பது பேர். பக்கப் பலகையில் நாலைந்து பேர் வெளியே சாய்ந்தபடி கொடி அசைக்கிறார்கள். சாரதி திடீரென்று பிறேக் பிடித்தால், பிடிக்க ஒன்றுமில்லாதவர் முதலில் விழுவார். விழுவது பின்னால் வரும் வாகனத்தின் முன். பொருள் ஏற்றும் வாகனத்தில் ஆட்களை ஏற்றினால், விபத்துக்குப் பின் காப்புறுதிப் பணம் கேட்கும் இடத்திலும் சிக்கல் எழும். ரயில் மிதிபலகையில் தொங்குவதும் பஸ் கூரையில் ஏறுவதும் இதே வகைதான். வாடகை வாகனம் பிடிப்பவர்கள் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஓட்டி வந்த சாரதியையே மாலையில் திரும்பவும் ஓட்ட விடக்கூடாது.

அரச பஸ்ஸின் கண்ணாடியை உடைப்பது விளையாட்டுக் குறும்பாகத் தோன்றலாம். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. சேதம் சட்டம் குறிக்கும் தொகையைத் தாண்டுகிறது என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி சான்று கொடுத்தால், விசேட காரணம் காட்டினாலன்றிப் பிணை கிடைக்காது. பரீட்சைக்கு முந்திய வாரங்களை விளக்கமறியலில் கழிக்க ஒரு கண்ணாடி போதும்.

வாசலிலும் கூட்டத்திலும்

கூட்ட நெரிசல் எவ்வளவு சிறிய இடத்திலும் உயிரைக் குடிக்கும் என்பதை மாளிகாவத்தை தன் வீதியிலேயே கண்டிருக்கிறது. 2020 மே 21ஆம் திகதி, நோன்பு காலத்தில் தர்மப் பணம் பகிரப்பட்ட இடத்தில் நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசல்களில் 2025 ஜூன் 4ஆம் திகதி 11 பேர் இறந்ததும், இந்தோனேசியாவின் கஞ்சுருகான் அரங்கில் 2022இல் 135 பேர் இறந்ததும் வாசலை ஒட்டிய நெரிசலோடு பின்னியவை.

நெரிசலில் இறப்பவர்களில் பலர் நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள். சுற்றிலும் இருந்து வரும் அழுத்தத்தில் நெஞ்சு விரிய இடமில்லாமற் போவதே காரணம். ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் ஆபத்து தொடங்குகிறது. அதற்கும் மேலே போனால் கூட்டம் தண்ணீர்போல் அலையடிக்கும், தனி ஒருவரின் பலம் எடுபடாது. தோளோடு தோள் உரசத் தொடங்கியதும் வெளியேறப் பார்க்க வேண்டும். அகப்பட்டுவிட்டால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வைத்து, அலைக்கு எதிராகத் தள்ளாமல், குறுக்காக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியக்கூடாது. ஆட்டம் முடிந்தவுடன் ஒரே வாசலுக்கு விரையாமல் கால் மணி நேரம் இருக்கையிலேயே இருப்பது எளிய பாதுகாப்பு.

மற்றக் கல்லூரியின் வளாகத்தில்

விருந்தாளி மாணவர் அனுமதிக்கப்பட்ட இடத்தில், அனுமதிக்கப்பட்ட நேரத்தில் இருக்கலாம். பூட்டிய கேற்றைத் தள்ளிக்கொண்டு நுழைவதும், பெண்கள் பாடசாலை மதிலேறிக் குதிப்பதும் அத்துமீறல் குற்றம். ‘நான் ஒன்றும் செய்யவில்லை, கூடப் போனேன்’ என்ற சமாதானம் இங்கே கைகொடுக்காது. தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவின்படி ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமான பொது நோக்கத்துடன் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பாளிகள் என்கிறது 146ஆம் பிரிவு. கல்லெறி தொடங்கியதும் அந்த இடத்தை விட்டு விலகுவது உடலையும் காக்கும், வழக்கிலிருந்தும் காக்கும்.

எதிரணியைக் கேலி செய்யும் கோஷம் இனத்தையோ மதத்தையோ தொட்டவுடன் நிலைமை மாறிவிடுகிறது. இன, மதப் பகைமையைத் தூண்டிப் பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ இட்டுச்செல்லும் பேச்சை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை பத்து ஆண்டு வரை போகலாம். பிணை கொடுக்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே அரங்கில் அமரும் கொழும்பில், கோஷத்தை எழுப்புகிறவர் மட்டுமல்ல, அதைப் பதிவுசெய்து பரப்புகிறவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானமோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பழைய மாணவர் கூடாரங்களை நடத்துவோர் இதைத் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்குப் போய், மற்ற வளாகத்தின் விடுதியில் தங்கும் மாணவருக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் காவலாக இருக்கிறது. உடலுக்கோ மனதுக்கோ காயம், வேதனை, அச்சம் தரும் செயல் பகிடிவதை; அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் சட்டம் பொருந்தும்.

பஸ்ஸிலோ அரங்கிலோ பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை, தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நுழைவாயிற் சோதனையிலும் பொலிஸ் சோதனையிலும் ஒரு பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். அதைக் கேட்டு நிற்பது உரிமை.

பொலிஸ் பிடித்தால்

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை ஊர் பார்ப்பதில்லை, பாடசாலைச் சின்னமும் பார்ப்பதில்லை. கைதுசெய்யும்போது காரணம் சொல்லப்பட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அடிப்பதையும் இழிவாக நடத்துவதையும் 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடுக்கிறது. வீட்டாருக்கும் சட்டத்தரணிக்கும் அறிவிக்கும் உரிமை உண்டு. 2012இல் வந்த விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து கட்சிக்காரருக்காகத் தோன்றலாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

தமிழ் பேசும் மாணவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மொழி. சிங்களம் நிர்வாக மொழியான பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. முன்பின் தெரியாத ஊரில், இரவு பத்து மணிக்கு, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலம் மேசையில் நகர்த்தப்பட்டு, ‘கையெழுத்துப் போட்டால் போகலாம்’ என்று சொல்லப்படும்போது, களைத்த பிள்ளை பேனாவை எடுத்துவிடும். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்க வேண்டும். விளங்காத தாளில் ஒப்பமிடத் தேவையில்லை.

நடந்துவிட்ட பின்: நேரம் ஓடும் வரிசையில்

முதல் நிமிடங்கள் உயிருக்குரியவை. இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் அவசரம் 119, சிறுவர் பாதுகாப்பு 1929, பெண்களுக்கான உதவி 1938. தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்றைய தினமே செய்ய வேண்டியது முறைப்பாடும் மருத்துவப் பதிவும். தாக்கப்பட்டு வைத்தியசாலைக்கு வந்தவர், அங்குள்ள பொலிஸ் காவலரணிலேயே விபரம் சொல்லி, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் பெற்று, சட்ட வைத்திய அதிகாரியைப் பார்க்கலாம். காயம் ஆறியபின் எழுதப்படும் அறிக்கைக்கு வலு குறைவு. சம்பவம் நடந்த ஊரின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தையும் பிரதியையும் வாங்க வேண்டும். காட்சிப் பதிவுகளை அழிக்காமல் வேறொரு இடத்திலும் சேமிக்க வேண்டும். சிறு காயமென்றால் விடயம் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே இணக்கத்துக்கு வரும்படி யாரும் வற்புறுத்த முடியாது.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலோ பொலிஸாரே தாக்கினாலோ, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் (1960) மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் (1996) போகலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வசதியில்லாத குடும்பத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தரும்.

வெளிமாகாண பஸ்ஸின் நடத்தை பற்றித் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் 1955 என்ற எண்ணிலும், கட்டணம் வாங்கி ஏமாற்றியவர்கள் பற்றி நுகர்வோர் அதிகாரசபையிடம் 1977 என்ற எண்ணிலும் முறையிடலாம். பற்றுச்சீட்டு கையில் இருப்பது முக்கியம்.

விபத்துக்கோ காயத்துக்கோ நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முறைப்பாட்டுப் பிரதி, மருத்துவ அறிக்கை, செலவுச் சீட்டுகள், வாகனத்தின் இலக்கமும் காப்புறுதி விபரமும், சாட்சிகளின் தொடர்பு எண்கள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.