கார் பெயின்ட்டில் வட்டக் கீறல்: பாலிஷ், கருவி, வாடிக்கையாளர் உரிமை

வெயில் நேராக விழும்போது கார் பெயின்ட்டின் மேல் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கோடுகள் உண்மையில் வட்டமானவை அல்ல. அவை எல்லாத் திசையிலும் ஓடும் நுண்கீறல்கள். ஒளிப்புள்ளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் உள்ளன. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வட்டக் கீறல்கள் இந்த மேலடுக்கில்தான் விழுகின்றன. அவற்றை நீக்குவது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமன் செய்வது. தேய்ந்தது திரும்ப வராது. அளவுக்கு மீறித் தேய்ந்த இடம் சில ஆண்டு வெயிலில் வெளுத்துச் செதிலாக உரியும். அதன் பிறகு மறுபெயின்ட் ஒன்றே வழி.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இந்தக் கீறலுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கணவாய்க் காற்றும், கோபாலபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் வழியாக எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரிகளும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கல்தூசியைப் பரப்புகின்றன. கிளியர் கோட்டைவிடக் கருங்கல் தூசி கடினமானது. இடுக்கி எல்லையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கம் தோட்டச் சாலைகளின் சேறு காய்ந்து மண்ணாக ஒட்டுகிறது. மூணாறில் அதிகாலைப் பனியில் நனைந்த தூசி கண்ணாடியிலும் பானெட்டிலும் படிகிறது. ஆனால் தூசி படிவதால் மட்டும் கீறல் வருவதில்லை. அதை உலர்ந்த துணியால் துடைக்கும்போதுதான் வருகிறது. வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து வண்டிக்கு முக்கியெடுத்த ஸ்பாஞ்சும், திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டும் அதே வேலையைச் செய்கின்றன. எஞ்சின் ஆயில் துடைக்க பனியன் வேஸ்ட் நல்ல பொருள். தையல் விளிம்பும் பட்டறைத் தூசியும் கலந்த அந்தத் துணி பெயின்ட் மேல் படவே கூடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்புவும் சுத்தமான மைக்ரோஃபைபர் கையுறையும் கொண்டு, நுரைக்கு ஒரு பக்கெட், அலசுவதற்கு ஒரு பக்கெட் என்று கழுவினால் புதுக் கீறல்களில் பெரும்பகுதி நின்றுவிடும். தவறாகத் துடைக்கும் பழக்கம் மாறாமல் பாலிஷுக்குச் செலவழிப்பது வீண்; சில மாதங்களில் அதே கோடுகள் திரும்பிவிடும்.

கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் டப்பாக்கள் ஒரே வேலைக்கானவை அல்ல. ரப்பிங் காம்பவுண்டில் தேய்ப்புத் துகள் கரடாக இருக்கும். ஆழமான கீறலை வெட்டும், கூடவே தன் மங்கலையும் விட்டுச் செல்லும். பாலிஷில் துகள் நுண்மையானது. மெல்லிய வட்டக் கீறலுக்கும், காம்பவுண்ட் விட்ட மங்கலை நீக்குவதற்கும் அது. மெழுகும் சீலன்ட்டும் காப்புப் பூச்சுகள், எதையும் வெட்டாது. கிளேஸ் என்ற வகை எண்ணெயும் நிரப்பியும் கொண்டு கீறலை மறைத்துக் காட்டும், நாலைந்து கழுவலில் கோடுகள் மீண்டும் தலைகாட்டும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல் நீங்கியதா, மறைந்திருந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கருவித் தேர்வில்தான் அதிகச் சேதம் நேர்கிறது. ரோட்டரி பாலிஷர் ஒரே அச்சில் சுழலும். நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேறும். பழகாத கையில் பெயின்ட்டை எரித்துவிடும், அல்லது ஹோலோகிராம் எனப்படும் புது வரிகளை விட்டுச் செல்லும். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் சுழன்றுகொண்டே ஊசலாடுவதால் சூடு ஓரிடத்தில் தேங்காது. வீட்டில் செய்பவருக்கும் பெரும்பாலான வட்டக் கீறல்களுக்கும் இதுவே போதும். சில பட்டறைகளில் ஆங்கிள் கிரைண்டரிலேயே பஃபிங் பேடை மாட்டிவிடுகிறார்கள். இரும்பு அறுக்க நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் கருவி அது. அதைக் காரின் அருகே கொண்டுவர விடவே கூடாது. பேடுகளில் கம்பளி அதிகம் வெட்டும், மைக்ரோஃபைபர் அடுத்தது, மென்மையான ஃபோம் கடைசிப் பளபளப்புக்கு. மென்மையான பேடும் நுண்மையான பாலிஷும் கொண்டு, நிழலில் குளிர்ந்த பானெட்டில் ஒரு சாண் இடத்தில் முதலில் சோதிக்க வேண்டும். பலன் போதாவிட்டால் மட்டுமே ஒரு படி கடுமைக்குப் போகலாம். நகம் தடுக்கும் கீறல் பாலிஷால் போகாது. அதைத் துரத்துபவர் கிளியர் கோட்டைத்தான் இழப்பார்.

கதவு விளிம்பு, பானெட் மடிப்பு ஆகிய இடங்களில் பூச்சு மெல்லியது. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடையை நம்பலாம். மறுபெயின்ட் அடித்த கதவையும் அது காட்டிக்கொடுக்கும். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. பேடில் வண்டியின் நிறம் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். இடுக்கியில் இன்னும் ஓடும் பழைய ஜீப்புகளில் கிளியர் கோட் இல்லாததால் நிறம் ஏறுவது இயல்பு; புதுக் காரில் ஏறினால் மேலடுக்கு போய்விட்டது என்று பொருள். மேட் பெயின்ட்டை பாலிஷ் செய்யவே கூடாது. செராமிக் கோட்டிங்கில் சொல்லப்படும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. கீறலே விழாது என்ற உத்தரவாதம் அல்ல. கீறலை நீக்காமல் கோட்டிங் போட்டால் கீறல் அதன் அடியில் அப்படியே இருக்கும்.

சட்டம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பிடி பலர் நினைப்பதைவிட வலுவானது. பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி பாலிஷ் டப்பாவில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார்த் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். இல்லையென்றாலோ கூடுதல் விலை கேட்டாலோ கேரளத்தில் லீகல் மெட்ராலஜி துறையிடமும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடமும் புகார் செய்யலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் தருகிறது.

வேலையே கெட்டுப்போனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை. பில் தர மறுப்பதே அச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே எந்தப் பொருள், எத்தனை கட்டம் என்று எழுதிய பில்லை வாங்கி வைக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும் முன்னும் திரும்பப் பெறும்போதும் டார்ச் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லையோரத்தாருக்கு இச்சட்டத்தின் 34-ஆம் பிரிவு பெரிய உதவி. பொள்ளாச்சியிலோ கோவையிலோ வண்டியைக் கெடுத்துக்கொண்ட சித்தூர்க்காரர் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்; கம்பத்திலோ தேனியிலோ விட்ட குமுளிக்காரருக்கு இடுக்கி ஆணையம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மூணாறு டாக்ஸி ஓட்டுநர்களிடம் “வணிக வாகனத்துக்கு இந்தச் சட்டம் இல்லை” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டும் வண்டி அந்த விலக்கில் சேராது என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும், மறுபெயின்ட் செலவை இழப்பீடாகத் தரவும் ஆணையம் உத்தரவிடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். காப்பீட்டை மட்டும் நம்ப முடியாது: தேய்மானத்தால் வந்த வட்டக் கீறலுக்கு மோட்டார் பாலிசி பணம் தராது.