சமனலவெவவும் ரந்தெனிவெலவும்



இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாகக் கிழக்கே செல்லும் பெருந்தெருவைச் சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் உங்களிற் பலர் நன்கறிவீர்கள். இறப்பர்க் காடுகளையும் தேயிலை மலைகளையும் கடந்து, பெலிகுல் ஓயா, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை வழியாக அது வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இத் தெருவை ஒட்டி அழகியதொரு நீர்த்தேக்கமும், இதன் கீழ்க்கோடியில் பழையதொரு போர்க்களமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பயணத்திற் காணலாம்.

பெலிகுல் ஓயாவுக்கு அண்மையிலுள்ள பம்பஹின்னைச் சந்தியில் தெற்கே திரும்பினால் சமனலவெவ நீர்த்தேக்கம் தென்படும். ‘சமனல’ என்னும் சிங்களச் சொல்லுக்கு வண்ணத்துப்பூச்சி என்பது பொருள். வளவை கங்கையை மறித்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்துக்குக் கல்லும் களிமண்ணும் கொண்டு அணை எழுப்பியிருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டு முதல் இந்நீர் 120 மெகாவாற்று மின்சாரம் தரும் நிலையத்தை இயக்கிவருகிறது. மலைகளுக்கிடையே நீலமாய் விரிந்துகிடக்கும் நீர்ப்பரப்பைக் கண்டவர் எளிதில் மறவார்.

ஆயினும் கண்ணுக்கு இனிய காட்சியோடு நாம் திரும்பிவிடலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் இங்கு சென்றால், தென்மேற்குப் பருவக்காற்று நம்மை நிற்கவொட்டாமல் தள்ளும். இந்தக் காற்றையே பழங்காலத்துக் கொல்லர் வேலை வாங்கினர். மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் உலைகளை அமைத்து, துருத்தியின்றியே இரும்பை உருக்கினர். அணை கட்டுமுன் நடந்த ஆய்வில் இத்தகைய 77 உலைத் தலங்களை ஜில் ஜூலெஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர் கண்டறிந்தார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. 1994இல் அதே முறையில் உலை கட்டி மூட்டிப் பார்த்தபோது உயர்ந்த உருக்கே கிடைத்தது! 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இச்செய்தி உலகத்து அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது.

காற்றை அறிந்தோர் வென்ற அவ்விடத்தில், நிலத்தை முற்றும் அறியாத பொறியியலாளர் இடர்ப்பட்டனர். அணையின் வலப்புற மலை சுண்ணாம்புக் கற்பாறையால் ஆனது. அதனுள்ளே வெடிப்புகளும் குகைகளும் மலிந்திருந்தன. நீர் நிரம்பத் தொடங்கிய 1992ஆம் ஆண்டிலேயே மலையைத் துளைத்துக்கொண்டு வெள்ளம் பீறிட்டது. அடைக்க முயன்றும் கசிவு முழுமையாக நிற்கவில்லை. ஆனால், கசிந்தோடும் அந்நீர் கீழே கல்தோட்டை வயல்களுக்குப் பாய்கிறது. மின்சாரத்துக்கு இழப்பானது உழவனுக்கு ஊதியமாயிற்று.

இனிப் பெருந்தெருவுக்கு மீண்டு, வெல்லவாயப் பக்கம் இறங்குவோம். அங்கேதான் ரந்தெனிவெல இருக்கிறது. 1630ஆம் ஆண்டு ஆவணி மாதம், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவா நாட்டின் மீது படையெடுத்துப் பதுளையைச் சூறையாடித் திரும்பிக்கொண்டிருந்தார். கண்டிப் படை மலைகளில் மறைந்திருந்து அவரைப் பின்தொடர்ந்தது. அவருடைய உள்நாட்டு வீரர்களான லஸ்கரின் படையினரும் தக்க தருணத்திற் கண்டியின் பக்கம் சேர்ந்தனர். பெருமழை பெய்து வெடிமருந்து நனைந்தது, துப்பாக்கிகள் ஊமையாயின. அந்நியத் தளபதி அங்கேயே மாண்டார். வில்லும் வாளும் ஏந்தியோர் துப்பாக்கியை வென்றதற்கு, வீரத்தோடு மலையின் வழியும் மழையின் போக்கும் அறிந்திருந்தமையும் காரணமாகும்.

உலைக்களமும் நீர்த்தேக்கமும் போர்க்களமும் நமக்குக் கூறும் பாடம் ஒன்றே. மண்ணையும் காற்றையும் மழையையும் அறிந்தவனுக்கு அவை துணை நிற்கும். அறியாதவனுக்கு அவையே பகையாகும். தேயிலைச் சரிவில் நின்று, மேகத்தைப் பார்த்தே மழை வரும் நேரத்தைச் சொல்லும் நம் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியன்று. உங்கள் பிள்ளைகளை ஒருமுறை இவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். அணையின் அழகைக் காட்டுங்கள். அதைச் சூழ்ந்த மலைகளின் கதையையும் சொல்லுங்கள்.