கிணற்றடியிற் பூஞ்செடிகள்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வீட்டு வளவு சிறியது, மண்ணோ மணல். ஊற்றும் நீர் வேரடியில் தங்காது விரைவிற் கீழிறங்கிவிடும். ஆதலின், ஈரத்தை விரும்பும் பூஞ்செடிகள் இங்கு நிலைக்கா என்று பலர் எண்ணுகின்றனர். கிணற்றடியில் வீணே கழியும் நீரைப் பயன்படுத்துவோர்க்கு அவ்வெண்ணம் பொருந்தாது.

இச்செடிகளுக்கென மேலதிகமாக நீர் இறைத்தல் தகாது. இக்கரையில் நன்னீர் உவர்நீரின்மேற் படையாக மிதந்து நிற்கின்றது. பம்பியால் மிகையாக இறைப்பின் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 இற் கடல் ஊருட் புகுந்து கிணறுகள் உவரானபோது பட்ட பாட்டை இவ்வூரார் அறிவர். எனவே, ஒருமுறை பயன்பட்ட நீரே பூஞ்செடிக்குரியது. வுழூச் செய்த நீர் இதற்கு மிகச் சிறந்தது. சவர்க்காரம் கலவாதது, நாடோறும் தவறாது கிடைப்பது.

அந்நீரைச் சிறு வாய்க்காலால் கிணற்றிலிருந்து இயன்ற தொலைவுக்குக் கொண்டுசெல்க. மணலில் எருவின் சாரம் எளிதிற் கிணற்றை அடையும். கற்பிட்டி மணற்பாங்கிற் பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரைக் கெடுத்தமை ஆய்வுகளிற் கண்டதாகும். ஆகவே, யூரியா வேண்டா. இரண்டடி ஆழக் குழியில் தேங்காய் உரிமட்டைகளை உட்புறம் மேல்நோக்க இரு வரிசையாக அடுக்கி, மக்கிய இலைகுழையும் சிறிது சாணெருவும் கலந்த மண்ணால் மூடுக. தென்னந்தோட்டங்களிற் கையாளும் முறையே இது. மட்டை நீரை உறிஞ்சி வைத்திருந்து, கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் வேருக்கு அளிக்கும்.

நடுவதற்குக் கல்வாழையே முதற்றரமானது. இரண்டு மூன்று முளைக் கண்கள் உள்ள கிழங்குத் துண்டுகளை, ஒன்றரை அடி இடைவெளியில், மாரிமழை தொடங்குங்கால் நடலாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டப் புதுக்குருத்து எழும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடாவிடிற் செடிகள் நெருங்கிப் பூக் குறையும். மிகுந்த கிழங்கை அயல்வீட்டார் விரும்பி வாங்கிக்கொள்வர். இலையைச் சுருட்டும் புழுவைக் கையால் நசுக்கினாற் போதும். மாலையில் மணக்கும் வெள்ளை இஞ்சிப்பூவை மதிலோரத்து அரைநிழலில் வைக்கலாம். கடலுக்கு அண்மையில் உள்ளோர் உப்புக்காற்றைத் தாங்கும் சிலந்தி லில்லியைத் தெரிந்துகொள்வது நன்று.

1986 இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலத்தைச் சீமெந்துத் தொட்டியில் வளர்க்கலாம். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். தொட்டியிற் கப்பி மீன்களை விடாது வைத்தல் நுளம்பு பெருக இடமளிப்பதாகும்.

ஊதாப்பூவின் அழகில் மயங்கி ஆற்றுவாழையை மட்டும் வீட்டுக்குக் கொணராதீர். அழகுச் செடியாகவே இத்தீவுக்கு வந்த அதனைத் தடுக்க 1909 இலேயே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. கிட்டங்கி ஆற்றை அது அடைத்து நிற்பதைக் கண்டோர்க்கு வேறு சான்று வேண்டா. தொட்டியில் இருப்பின் வேருடன் எடுத்து, வெறுமணலிற் பரப்பி, நன்கு காய்ந்தபின் கூட்டெருக் குழியில் இடுக. வாய்க்காலில் எறிதல் கூடாது.