மானிட விருத்தியும் மலைநாட்டு மாணவரும்

மானிட விருத்தி என்பது, கருநிலை முதல் முதுமை ஈறாக மனித வாழ்வு வளர்ந்து மாறும் முறையை ஆராயும் கல்வியாகும். அனைத்துப் பருவங்களையும் பொதுவாகப் பயிலும் பட்டதாரி மாணவர், பின்னர் குழந்தைப் பருவம், குமரப் பருவம், குடும்பம், முதுமை என்பவற்றுள் ஒன்றைச் சிறப்புத் துறையாகத் தெரிவு செய்தல் வேண்டும். எதனைத் தெரிவது?

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைமடுவம் இவ்வினாவுக்கு நல்ல விளக்கந் தருகின்றது. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளை அங்கு விட்டுச் செல்வர். தோட்டத்துக்குத் தாயின் கைகள் வேண்டியிருந்தமையால் எழுந்த நிலையம் அது. குழந்தையைக் காத்தலன்றி வளர்த்தல் அதன் முதல் நோக்கமன்று. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற காலத்தில், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் அமைப்பும் தோன்றியது. பிள்ளைமடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக உயர்த்துதல் அதன் பணிகளுள் ஒன்று. பெயர் மாறுதல் எளிது. குழந்தையின் உணவு, பேச்சு, விளையாட்டு ஆகியவற்றின் பயனுணர்ந்து, அதன் தாய்மொழியிலேயே பழகும் பயிற்சி பெற்றோர் இன்றேல் உட்பொருள் மாறாது.

ஆயினும், யாவரும் குழந்தைத் துறையையே நாட வேண்டுவதில்லை. தொழில் தேடிக் கொழும்பு செல்லும் இளைஞரும், ஓய்வுபெற்று லயத்தில் வாழும் முதியோரும் அறிவார்ந்த துணையை வேண்டி நிற்போரே. ஆதலின், தெரிவுக்கு முன் மாணவர் ஒவ்வொரு பருவத்தினரிடையேயும் சின்னாள் களப்பணி ஆற்றுதல் நன்று. எவருடைய குறை தம் உழைப்பால் தீரத்தக்கதெனத் தெளிகின்றதோ, அவர்தம் பருவமே அம்மாணவருக்கு உரிய துறையாகும்.